பட்டுத்திரையும் பனிக்கட்டியும்: நாவலில் ஒரு ஸுல்தான், வரலாற்றில் ஒரு ஸுல்தான்

சில ஆண்டுகளுக்கு முன் இறுதியாண்டு மாணவர் ஒருவர் பாடம் முடிந்தபின் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ரிச்சர்ட் மன்னர் இரும்புத் தண்டை ஒரே வீச்சில் துண்டாக்கினார், ஸுல்தான் ஸலாஹுத்தீனோ மெல்லிய திரைத்துணியை வாள்முனையில் தொங்கவிட்டு இரண்டாக அறுத்துக் காட்டினார். இந்தச் சம்பவம் எந்தக் கிதாபில் வருகிறது?" என்று கேட்டார். ஜும்ஆ பயானில் எடுத்துச் சொல்ல விரும்புவதாகவும் கூறினார். எந்தக் கிதாபிலும் வரவில்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

அந்தச் சம்பவம் பிறந்த இடம் டமாஸ்கஸும் அன்று, ஜெரூஸலமும் அன்று. ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஸர் வால்ட்டர் ஸ்காட் 1825இல் வெளியிட்ட 'தி டாலிஸ்மன்' என்னும் நாவலில்தான் அது பிறந்தது. மூன்றாம் சிலுவைப் போரைப் பின்னணியாகக் கொண்ட அந்நாவல் ஐரோப்பாவிலும் பிற நாடுகளிலும் பெருவரவேற்பைப் பெற்றது. அதிலிருந்து புறப்பட்ட சித்திரங்கள் நம் மேடைகள் வரை வந்து சேர்ந்திருக்கின்றன. ஆகவே அந்நாவலையும், ஸுல்தானுடன் வாழ்ந்தவர்கள் எழுதிவைத்த வரலாற்றையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையதாகும்.

நாவலின் கதை

பாலைவனத்தில் ஸ்காட்லாந்துக் குதிரைவீரன் கென்னத்தும் முஸ்லிம் அமீர் ஒருவரும் எதிர்ப்படுகின்றனர், பொருதுகின்றனர், பின் நண்பர்களாகின்றனர். ரிச்சர்ட் மன்னர் நோயுற்றுக் கிடக்கும்போது ஸுல்தான் அனுப்பிய ஹகீம் ஒருவர் வந்து மந்திரக்கல் தோய்த்த நீரால் அவரைக் குணப்படுத்துகிறார். அமீரும் ஹகீமும் ஸுல்தான் ஸலாஹுத்தீனே என்பது இறுதியில் வெளிப்படுகிறது. கென்னத்தும் மாறுவேடத்தில் இருந்த ஸ்காட்லாந்து இளவரசனே. இதற்கிடையே சிலுவைப் படையின் தலைவர்கள் ஒருவரையொருவர் கவிழ்க்கச் சதி செய்கின்றனர்.

இவற்றுள் உண்மையின் நிழல் படிந்த பகுதிகள் உண்டு. ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்டின் கொடி அவமதிக்கப்பட்டது 1191இல் அக்கா நகரில் நடந்த நிகழ்ச்சி. அந்த வஞ்சம் தீராமலே, நாடு திரும்பும் வழியில் 1192 டிசம்பரில் ரிச்சர்டை லியோபோல்டின் ஆட்கள் சிறைபிடித்தனர். 1194 பிப்ரவரியில்தான் அவர் விடுதலை பெற்றார். ஆனால் ரிச்சர்டும் ஸலாஹுத்தீனும் நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை. தூதர்கள் வழியாகவும், ஸுல்தானின் சகோதரர் அல்மலிக்குல் ஆதில் வழியாகவுமே பேச்சு நடந்தது. தம் சகோதரி ஜோனை ஆதிலுக்கு மணமுடித்துத் தரலாம் என ரிச்சர்ட் 1191 இலையுதிர் காலத்தில் செய்தி அனுப்பியதும் உண்மையே. ஸ்காட் அந்த மண உறவை ஸுல்தானுக்கே மாற்றி, எடித் என்னும் கற்பனைப் பெண்ணை மணமகளாக்கிவிட்டார்.

உடனிருந்தவர் எழுதியது

ஸுல்தானின் படைக்குக் காழியாக இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் மௌஸிலில் ஹிஜ்ரி 539இல் (கி.பி. 1145) பிறந்தவர், 1188 முதல் ஸுல்தானின் மறைவு வரை உடனிருந்தவர். அவருடைய 'அந்நவாதிருஸ் ஸுல்தானிய்யா' இந்தப் போருக்கு முதன்மையான சான்றாகும். தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று அவர் பிரித்துச் சொல்வார்.

நாவலில் ஹகீமாகத் தோன்றும் ஸுல்தானுக்கு மூலவித்து இந்நூலில் உண்டு. 1192இல் நோயுற்றிருந்த ரிச்சர்டுக்குப் பழங்கள் மீதும் பனிக்கட்டி மீதும் வேட்கை மிகுந்தது. அவர் கேட்டனுப்ப, ஸுல்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஓர் அழகிய கதையாக இருந்திருக்கும். இப்னு ஷத்தாத் நிறுத்தவில்லை. தூதர்கள் வந்து போவதால் எதிரியின் நிலையை அறிந்துகொள்ளலாம் என்பதும் ஸுல்தானின் எண்ணம் என்று சேர்த்தே எழுதுகிறார். கொடையும் உளவும் ஒரே தட்டில் சென்றன. தலைவரை மிகவும் நேசித்த ஒருவரே இதை மறைக்காமல் எழுதியது கவனத்திற்குரியது.

இரண்டாவது சான்று ஒரு கிண்ணத்தைப் பற்றியது. நாவலின் முடிவில் டெம்ப்ளர் சங்கத் தலைவன் ஸுல்தானின் கூடாரத்தில் பருகுவதற்குக் கிண்ணத்தை உயர்த்துகிறான். அவன் உதடு அதில் படுமுன் ஸுல்தானின் வாள் அவன் தலையை வீழ்த்துகிறது. இது 1187 ஜூலை 4இல் ஹித்தீன் போர் முடிந்தபின் நடந்ததன் மறுவடிவமாகும். சிறைப்பட்ட அரசர் கய்க்கு ஸுல்தான் குளிர்ந்த நீர் அளித்தார். அவர் குடித்து, மீதியை அருகிலிருந்த ரெய்னால்டிடம் நீட்டினார். உடனே ஸுல்தான், ரெய்னால்டுக்கு நீர் கொடுத்தவர் அரசரே, தாம் அல்லர் என்பதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகத் தெளிவுபடுத்தினார். சிறைபிடித்தவனின் உணவையோ நீரையோ உண்ட கைதிக்கு அமான் உண்டு என்பது அரபு வழக்கம். உடன்படிக்கை நடைமுறையில் இருந்தபோதே வணிகக் கூட்டத்தைத் தாக்கிய ரெய்னால்டுக்கு அந்த அமானைத் தர ஸுல்தான் விரும்பவில்லை. தம் கையாலேயே அவனை வெட்டினார். வரலாற்றில் ஒப்பந்த முறிவுக்கான தண்டனையாக இருந்தது, நாவலில் சதிகாரனை வீழ்த்தும் திடுக்கிடும் காட்சியாக மாறிவிட்டது.

நாவலின் கதையோட்டத்தில் இடம்பெறாத ஒன்றும் உண்டு. அக்கா சரணடைந்தபின், ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதில் ஏற்பட்ட இழுபறியில், ஹிஜ்ரி 587 ரஜப் 27இல் (1191 ஆகஸ்ட் 20) ரிச்சர்ட் ஏறத்தாழ 3,000 முஸ்லிம் கைதிகளைக் கயிற்றில் பிணைத்து நிறுத்திக் கொல்லச் செய்தார். இப்னு ஷத்தாத் இதை எழுதும்போதுகூட, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டையும் எடுத்துரைக்கிறார்: தம்மவர் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்குதல் ஒன்று, அஸ்கலான் நோக்கிப் புறப்படும்போது இத்தனை கைதிகளைப் பின்னால் விட்டுச் செல்ல அஞ்சியது மற்றொன்று. உண்மையை அல்லாஹ்வே அறிவான் என்று முடிக்கிறார். கண்ணீருக்கு நடுவிலும் நீதி தவறாத பேனா அது.

புகழ்ச்சிக்குள் இருக்கும் முள்

ஸ்காட் நம் ஸுல்தானை உயர்த்தித்தானே எழுதினார், இதில் குறை என்ன என்று கேட்கலாம். 1832இல் இந்நாவலுக்கு எழுதிய முன்னுரையில் அவரே தம் நோக்கத்தைச் சொல்லியிருக்கிறார். ஆங்கில அரசர் ரிச்சர்ட் கீழைநாட்டு ஸுல்தானுக்குரிய கொடுமையைக் காட்ட, ஸலாஹுத்தீனோ ஐரோப்பிய மன்னருக்குரிய மதிநுட்பத்தைக் காட்டினார் என்னும் முரணே அவரைக் கவர்ந்தது. அதாவது கொடுமை கீழைநாட்டின் இயல்பு, நற்பண்பு ஐரோப்பாவின் உடைமை. ஸுல்தான் நல்லவராகத் தெரிவதற்கு அவருக்கு ஐரோப்பிய அங்கி அணிவிக்கப்படுகிறது. இந்தப் புகழ்ச்சியைக் கேட்டு நாம் மகிழ்வது, அந்த அளவுகோலை நாமும் ஏற்றுக்கொள்வதாகும்.

இந்த முள்ளை நம் நாட்டில் முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் லக்னோவின் மௌலவி அப்துல் ஹலீம் ஷரர் (1860–1926). 'தி டாலிஸ்மன்' நாவலைப் படித்து மனம் புண்பட்ட அவர், 1888இல் 'மலிக்குல் அஸீஸ் வர்ஜினா' என்னும் உருது நாவலை எழுதினார். ஸுல்தானின் மைந்தர் அஸீஸுக்கும் ஒரு கிறித்தவப் பெண்ணுக்கும் இடையிலான காதலே அதன் பொருள். ஸ்காட்டின் கற்பனைக்கு மறுமொழி இன்னொரு கற்பனையாக அமைந்தது. அரபு மொழியில் 'அல்ஹிலால்' இதழின் நிறுவனர் ஜுர்ஜீ ஸைதான் (1861–1914) இருபதுக்கும் மேற்பட்ட வரலாற்று நாவல்களை எழுதினார்; அவற்றுள் ஸலாஹுத்தீனைப் பற்றியதும் ஒன்று. மேலைநாட்டார் வரலாற்றை நாவலுக்குப் பணியாளாக்கினர், தாம் நாவலை வரலாற்றுக்குப் பணியாளாக்கியதாக அவர் கூறினார். எனினும் நாவல் எனும் பணியாள் எஜமானரின் இருக்கையில் அமர அதிகக் காலம் பிடிப்பதில்லை.

நாம் மறைப்பவை

பிறர் கற்பனையைக் குறைகூறும் நாம், நம்முடைய சாய்வையும் காணவேண்டும். நூருத்தீன் ஸங்கி 1174இல் மறைந்ததிலிருந்து 1186இல் மௌஸில் உடன்படிக்கை ஏற்படும் வரை, ஸலாஹுத்தீனின் படைபலத்தில் பெரும்பகுதி முஸ்லிம் அரசர்களுக்கு எதிராகவே செலவானது. தம் தலைவரின் வாரிசுகளிடமிருந்தே அவர் டமாஸ்கஸையும் 1183இல் ஹலபையும் பெற்றார். ஸங்கி குடும்பத்தின்பால் பரிவுடைய இப்னுல் அதீர் 'அல்காமில்' நூலில் அவரைப் பல இடங்களில் விமர்சிக்கிறார். கிறித்தவப் படைகள் தூர் நகரில் திரள இடமளித்ததை அவருடைய தவறாகக் காண்கிறார். ஹித்தீனில் சிறைப்பட்ட டெம்ப்ளர், ஹாஸ்பிடலர் வீரர்களை ஸுல்தான் கொல்லச் செய்தார். ஹிஜ்ரி 583 ரஜப் 27இல் (1187 அக்டோபர் 2) ஜெரூஸலம் இரத்தம் சிந்தாமல் கைமாறியது பெருமைக்குரியது. ஆனால் ஆணுக்குப் பத்து தீனார், பெண்ணுக்கு ஐந்து என விதித்த மீட்புத்தொகையைச் செலுத்த இயலாத ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாயினர். 1192 செப்டம்பர் 2இல் ஏற்பட்ட சமாதானத்துக்கும் வீரர்களின் பெருந்தன்மை மட்டும் காரணமன்று. ரிச்சர்டின் அரியணைக்குத் தாயகத்தில் ஆபத்து இருந்தது. ஸுல்தானின் அமீர்களோ ஓயாத போரில் களைத்திருந்தனர்.

இவற்றை எழுதுவதால் ஸுல்தானின் மதிப்புக் குறையாது. அவர் இறந்தபோது கருவூலத்தில் இருந்தவை 47 திர்ஹங்களும் ஒரு பொற்காசும் மட்டுமே என்று இப்னு ஷத்தாத் பதிவு செய்கிறார். குறையையும் சொல்கிற நாவிலிருந்து வரும் நிறையே நம்பத்தக்கது.

ஹதீஸ் கலையில் நாம் கற்ற விதி ஒன்றுண்டு. மக்களை நன்மையின்பால் தூண்டும் நல்லெண்ணத்தோடு ஹதீஸ் புனைந்தவர்களையும் இமாம்கள் பொய்யர்களின் பட்டியலிலேயே சேர்த்தனர். வரலாற்றுச் செய்திக்கு ஹதீஸின் அளவு கடுமை வேண்டியதில்லை என்பது உண்மை. எனினும் புகழ்வதற்காகச் சொன்ன பொய்யும் பொய்யே என்னும் அடிப்படை இரண்டுக்கும் பொது. நாவலை நாவலாகப் படித்து மகிழலாம். அதை மிம்பரில் ஏற்றும்போதுதான் பிழை நேர்கிறது.

அந்த மாணவருக்குப் பட்டுத்துணிக்குப் பதிலாக இப்னு ஷத்தாத் நேரில் கண்டு எழுதிய ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். இரவில் எதிரிகளின் கூடாரங்களுக்குள் புகுந்த முஸ்லிம் திருடர்கள் மூன்று மாதக் குழந்தை ஒன்றைத் தூக்கி வந்து விற்றுவிட்டனர். அதன் தாய் அழுதுகொண்டே ஸுல்தானிடம் வந்தாள். அவர் கண்கள் கலங்கின. குழந்தை சந்தையில் விற்கப்பட்டது தெரிந்ததும், வாங்கியவருக்கு விலையைக் கொடுத்து மீட்கச் செய்தார். தாய் அதை வாங்கி மார்போடு அணைத்துப் பாலூட்ட, சுற்றி நின்றோர் அழுதனர். பின் அவளைக் குதிரையில் ஏற்றி அவளுடைய முகாமுக்கே அனுப்பிவைத்தார்.

திருடியவர்கள் நம்மவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டுமா என்று மாணவர் தயங்கினார். ஆசிரியர் எழுதியவாறே சொல்லுங்கள் என்றேன். அந்த வெள்ளிக்கிழமை அவர் அவ்வாறே சொன்னார்.