இணையச் சந்தைக் கட்டண மாற்றமும் சிறு விற்பனையாளரும்: தாராபுரம் வட்டாரம்

ஏலமாகவோ நிலைவிலையிலோ பொருள் விற்க இடம் தரும் இணையதளங்கள், விற்பனையாளருக்குச் சேர வேண்டிய தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளும் பணம் மொத்தமும் இணையச் சந்தைக் கட்டணம் எனப்படும். கட்டணத்தை மாற்றும் உரிமை தளத்திடமே இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் மட்டும் திருத்தக்கூடிய விதி இது. பத்துத் தையல் இயந்திரம் வைத்துக்கொண்டு லெக்கிங்ஸ், நைட்டி, குழந்தைகள் உடை தைத்து விற்பவருக்கு, அந்தத் திருத்தம் வரும் நாளில் எந்தப் பொருளை இனித் தைப்பது, எதை நிறுத்துவது என்பதே மாறிவிடும்.

தாராபுரம் அமராவதி ஆற்றங்கரையில் உள்ள நகராட்சி. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது ஈரோடு மாவட்டத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. ஊருக்கு ரயில் பாதை கிடையாது. சரக்கு போவதும் வருவதும் சாலை வழியாகத்தான். திருப்பூரில் ஆள் பற்றாக்குறையும் வாடகையும் கூடக்கூட, பனியன் கம்பெனிகளின் தையல் பிரிவுகள் தாராபுரம், காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் நகர்ந்தன. கம்பெனிகளுக்குப் பீஸ் கணக்கில் ஜாப் ஒர்க் செய்வோர் ஒருபுறம். திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் மிச்சத்தை மொத்தமாக எடுத்துச் சில்லறையாக விற்போர் மறுபுறம். இணையச் சந்தை இந்த இரு தரப்புக்குமே ஒன்றைக் கொடுத்தது: இடையில் மொத்த வியாபாரி இல்லாமல் அசாமிலோ பீகாரிலோ இருக்கும் ஒருவருக்கு நேராக விற்கும் வாய்ப்பு. இது சிறிய விஷயமல்ல. கட்டணம் பற்றிய எந்தக் குறையையும் இந்த நன்மையை ஒப்புக்கொண்ட பிறகே பேச வேண்டும்.

கட்டணத்தின் கூறுகள்

பொதுவாகப் பேசப்படுவது கமிஷன். விற்ற விலையில் இத்தனை சதவீதம் என்று பொருளின் வகையையும் விலையையும் பொறுத்து அது அமையும். அதோடு ஒவ்வொரு ஆர்டருக்கும் நிலையாக ஒரு தொகை, எடைக்கும் தூரத்துக்கும் ஏற்பக் கூரியர் தொகை, தளத்தின் கிடங்கில் சரக்கை வைத்தால் அதற்கு வாடகையும் பேக்கிங் கூலியும், ரிட்டர்ன் வந்தால் அதற்குத் தனியாக ஒரு தொகை. இவை எல்லாவற்றின் மீதும் 18 சதவீத ஜிஎஸ்டி. தேடும்போது தன் பொருள் முதல் பக்கத்தில் தெரிய வேண்டுமென்றால் விளம்பரத்துக்கும் கட்ட வேண்டும். விளம்பரம் விருப்பத்துக்கு உட்பட்டதென்று விதியில் இருக்கும். போட்டியாளர் எல்லோரும் கட்டும் இடத்தில் கட்டாதவரின் பொருள் வாங்குபவர் கண்ணிலேயே படாது என்பதால், நடைமுறையில் அதுவும் ஒரு கட்டணமே.

விலை குறைந்த துணி வகைகளில் சதவீதத்தைவிட நிலைத்தொகைதான் அதிகம் கடிக்கும். 250 ரூபாய்க்கு விற்கும் இரண்டு பனியன் கொண்ட பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆர்டருக்கு 20 ரூபாய் நிலைத்தொகை என்றால் ஜிஎஸ்டியுடன் 23 ரூபாய் 60 பைசா, அதாவது விலையில் 9 சதவீதத்துக்கும் மேல். அதே தொகை 2,500 ரூபாய்ப் புடவையில் ஒரு சதவீதம்கூட ஆகாது. இப்போது தளம் அந்த நிலைத்தொகையை 5 ரூபாய் மட்டும் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், பாக்கெட்டுக்கு 25 ரூபாய் லாபம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அதில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். புடவை விற்பவர் இந்த மாற்றத்தைக் கவனிக்காமலே இருந்துவிடலாம். அறிவிப்பு இருவருக்கும் ஒன்றே, விளைவு ஒன்றல்ல.

ரிட்டர்ன் இதைவிடக் கடுமையானது. சைஸ் பொருந்தவில்லை என்று உடை திரும்பி வருவது இந்தத் தொழிலில் தினசரி நடப்பு. பணம் கையில் கொடுத்து வாங்கும் முறையில், வீட்டில் ஆள் இல்லாமலோ மனம் மாறியோ வாங்காமல் விட்ட பார்சலும் திரும்பி வரும். விற்பனையாளர்கள் இதை ‘ஆர்டிஓ’ என்பார்கள். போக வரக் கூரியர் செலவில் 75 ரூபாய் விற்பனையாளர் தலையில் விழுந்தால், மேலே சொன்ன பாக்கெட்டில் ஒரு ரிட்டர்ன் மூன்று விற்பனையின் லாபத்தை விழுங்கிவிடும். கமிஷனைக் குறைத்துவிட்டு ரிட்டர்ன் தொகையைக் கூட்டும் தளம், தலைப்புச் செய்தியில் தாராளமானதாகத் தெரியும். பனியன்காரரின் கணக்கில் அது கட்டண உயர்வுதான்.

ஏலத் தளங்களின் அனுபவம்

கட்டண மாற்றம் சிறு விற்பனையாளரை எப்படித் தாக்கும் என்பது முதலில் பெரிய அளவில் வெளிப்பட்டது ஈபே தளத்தில். 1995இல் பியர் ஒமிட்யார் அமெரிக்காவில் தொடங்கிய இந்த ஏலத் தளம், பழைய பொருள் விற்கும் தனியாட்களை நம்பியே வளர்ந்தது. 2008 ஜனவரியில் அது புதிய கட்டணத்தை அறிவித்தது. பொருளைப் பட்டியலிடும் தொகை குறைந்தது; விற்றபின் பிடிக்கும் தொகை முதல் 25 டாலருக்கு 5.25 சதவீதத்திலிருந்து 8.75 சதவீதமானது. விற்காத பொருளுக்கு வீண்செலவு குறைகிறது என்ற வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் சுமையின் பெரும்பகுதி 25 டாலருக்குக் கீழே விற்பவர்கள் மீது, அதாவது மலிவான பொருளை வேகமாக விற்பவர்கள் மீது இறங்கியது. வாங்குபவரைப் பற்றி விற்பவர் எதிர்மறை மதிப்பீடு தரும் உரிமையும் அதே மாற்றத்தில் பறிபோனது. பிப்ரவரி 18 முதல் ஒரு வாரம் விற்பனையாளர்கள் பட்டியலிடாமல் புறக்கணித்தனர். ஆனாலும் புதிய கட்டணம் மாறவில்லை.

கைவினைப் பொருள்களுக்கான எட்சி தளத்திலும் இதுவே நடந்தது. 2018இல் 3.5 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், 2022 ஏப்ரல் 11 முதல் 6.5 ஆகவும் கட்டணம் ஏறியது. அன்று தொடங்கி ஒரு வாரம் கடைகளை மூடி வைத்த போராட்டத்தாலும் அது இறங்கவில்லை. தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் விற்பனையாளர்கள் ஒரு வாரம் விலகினாலும், அந்த இடத்தில் விற்க வேறு ஆயிரம் பேர் காத்திருக்கும் வரை தளத்துக்கு நட்டமில்லை.

இந்தியாவில் ஏலச் சந்தைக்கு வழி திறந்தது 2000இல் தொடங்கிய பாஸி டாட் காம். 2004இல் ஈபே அதை வாங்கியது. 2017இல் ஈபே இந்தியா ஃபிளிப்கார்ட் கைக்குப் போனது. 2018 ஆகஸ்ட் 14 அன்று அந்தத் தளம் மூடப்பட்டது. ஆண்டுக்கணக்கில் சேர்த்த மதிப்பீட்டுப் புள்ளிகளை வேறு தளத்துக்கு எடுத்துச் செல்ல வழியில்லை. பெயரும் நம்பிக்கையும் தளத்துக்குள்ளேயே தங்கிவிடுவதால்தான், கட்டணம் கூடினாலும் விற்பனையாளர் எளிதில் வெளியேறுவதில்லை.

இத்தகைய தளங்கள் வழியே வெளிநாட்டுக்கு விற்போருக்கு 2025இல் கட்டணம் அல்லாத வேறொரு திசையிலிருந்து அடி விழுந்தது. 800 டாலர் வரையிலான பார்சலுக்குச் சுங்கவரி இல்லை என்ற சலுகையை அமெரிக்கா ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. அதற்கு முன்பே, 25ஆம் தேதியிலிருந்து, இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பெரும்பாலான பார்சல்களை ஏற்பதை நிறுத்தியது. அக்டோபர் நடுவில்தான் மீண்டும் தொடங்கியது.

‘கமிஷன் இல்லை’ என்ற போட்டி

இந்தியாவில் கடந்த சில ஆண்டுகளின் போக்கு, மேலோட்டமாகப் பார்த்தால், விற்பனையாளருக்குச் சாதகமானது. மீஷோ 2021இல் கமிஷனே வாங்குவதில்லை என்று அறிவித்தது; கூரியர் ஏற்பாட்டிலும் விளம்பரத்திலும் அது வருமானம் பார்க்கிறது. அதே ஆண்டு ஃபிளிப்கார்ட்டின் ஷாப்சி அதே வழியில் வந்தது. 300 ரூபாய்க்குக் கீழான 1.2 கோடிக்கும் மேற்பட்ட பொருள்களுக்கு அமேசான் இந்தியா 2025 ஏப்ரல் 7 முதல் கமிஷனை நீக்கியது. 1,000 ரூபாய்க்குக் கீழான பொருள்களுக்கு ஃபிளிப்கார்ட் அதே ஆண்டு நவம்பரில் அப்படியே அறிவித்தது.

இந்த மாற்றங்களால் பனியன் தொழிலுக்கு உண்மையான பலன் உண்டு. 199, 249 ரூபாய்ப் பொருள்கள்தான் இந்த வட்டாரத்தின் பலம். ஆயினும் கமிஷன் இல்லை என்பதும் கட்டணம் இல்லை என்பதும் ஒன்றல்ல. மேலும், விலைக்கு ஒரு கோடு கிழித்தால் அந்தக் கோடே விலையைத் தீர்மானிக்கத் தொடங்கும். 320 ரூபாய்க்கு விற்கும் நைட்டிக்குப் பத்து சதவீதக் கமிஷன் இருந்தால் வரி நீங்கலாக 32 ரூபாய் போகும்; 299 ஆக்கினால் விலையில் இழப்பது 21 ரூபாய். ஆகவே 299 ஆக்குவதே லாபம். எல்லோரும் அதையே செய்வார்கள். கொஞ்சம் நல்ல துணி போட்டு 340 ரூபாய்க்கு விற்கலாம் என்று நினைத்தவர் துணியின் ஜிஎஸ்எம்மை (சதுர மீட்டருக்கான கிராம் எடையை) குறைக்க வேண்டிவரும். கட்டணக் கோடு தரத்தையும் இழுக்கிறது என்பதை விற்பனையாளர் உதவித் திட்டங்களை அறிவிப்பவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

வரியின் பங்கு

தளம் பிடிப்பதோடு அரசுக்காகப் பிடிப்பதும் சேர்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி 2018 அக்டோபர் முதல் 1 சதவீதம் பிடிக்கப்பட்டது. 2024 ஜூலை 10 முதல் அது 0.5 ஆனது. வருமான வரிக்காக 2020 அக்டோபரில் வந்த 1 சதவீதம், 2024 அக்டோபரில் 0.1 ஆனது. இவை பின்னர் கணக்கில் சரிக்கட்டக்கூடியவை. ஆனாலும் நூலுக்கு ரொக்கம் கேட்கும் தொழிலில் நடைமுறை மூலதனத்தைக் கட்டிப் போடுபவை.

பெரிய சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உடைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் (2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரை). தளத்தின் சேவைக்கு 18 சதவீதம். சேவைக்குக் கட்டிய வரி உள்ளீட்டு வரவாகக் குவிகிறது. விற்பனை வரியைவிட உள்ளீட்டு வரி கூடுதலாக இருந்தால் பொருள்களுக்கான வரவைத் திரும்பக் கேட்கலாம், சேவைகளுக்கானதைக் கேட்க முடியாது என்று 2021 செப்டம்பரில் விகேசி ஃபுட்ஸ்டெப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தளம் கட்டணம் கூட்டும்போது அதன்மேல் ஏறும் 18 சதவீதத்தில் ஒரு பகுதி சிறு உற்பத்தியாளரின் கணக்கிலேயே முடங்கிப்போக வாய்ப்புண்டு. விற்றுமுதலில் சிறு சதவீதம் மட்டும் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவருக்கு அந்த வரவே கிடையாது. 2023 அக்டோபர் வரை அவர் இணையச் சந்தையில் பொருள் விற்கவே முடியாதிருந்தது, அதன்பின் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். ஆனால் உள்நாட்டில் திருப்பூர்ச் சரக்குக்குப் பெரிய சந்தை வெளிமாநிலங்கள்தான்.

திருப்பூரின் பழைய தீர்வு

ஏலமும் பிடித்தமும் இந்த வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. பருத்தி விற்க வந்த விவசாயியிடம் தரகு, எடைக்கூலி, மகமை, மாதிரிக்கு எடுத்த பஞ்சு எனப் பல பெயர்களில் பிடித்துக்கொள்வது பழைய சந்தைகளின் வழக்கம். இந்தப் பிடித்தங்களைக் கட்டுப்படுத்த ஒழுங்குமுறைச் சந்தைகள் வேண்டும் என 1928இல் அரச வேளாண் ஆணையம் பரிந்துரைத்தது. 1933இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் ஒழுங்குமுறைச் சந்தை 1936இல் பருத்திக்காகத் திருப்பூரில் அமைந்தது. வியாபார உரிமையைப் பறிக்கிறது என்று சட்டத்தை எதிர்த்த அருணாசல நாடார் வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தைச் செல்லும் என்றது.

இன்றும் தாராபுரம் பக்கத்து மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி மறைமுக ஏலம் நடக்கிறது. சந்தைக் கட்டணம் சட்டத்தின் வரம்புக்குள் இருப்பது. அதைக் கட்டுபவர் வாங்கும் வியாபாரி, விற்கும் விவசாயி அல்ல. யார் கட்டுவது, எவ்வளவு, யார் மாற்றலாம் என்ற மூன்று கேள்விக்கும் அங்கே எழுதப்பட்ட விடை உண்டு. அந்தப் பருத்தியிலிருந்து நூலாகி, துணியாகி, பனியனாகி இணையத்துக்கு வரும்போது அந்த விடைகளில் எதுவும் உடன் வருவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதியில், தளம் தன் நிபந்தனையை மாற்றக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. இந்தியாவின் 2020 மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள், ஒரே வகை விற்பனையாளர்களிடையே தளம் வேறுபாடு காட்டினால் அதை வெளிப்படுத்தச் சொல்கின்றன. கட்டண மாற்றத்துக்கு நாள் கணக்கு எதையும் வகுக்கவில்லை. பதினைந்து நாள் என்பது பெரிய சலுகையல்ல. ஆனால் வெட்டி வைத்த துணியைத் தைத்து முடிக்கவும் விலையைத் திருத்தவும் அதுவாவது வேண்டும்.

விற்பனையாளர் கையிலுள்ள வழிகள்

நிலைத்தொகையைச் சமாளிக்க ஒற்றைப் பனியனை நிறுத்தி மூன்று, ஐந்து என்று காம்போ பாக்கெட் போடுவது பரவலான முறை. ரிட்டர்ன் குறைவான வகைகளுக்கு மாறுவது இன்னொன்று: சைஸ் தகராறு அதிகமில்லாத தலையணை உறை, துண்டு, குழந்தைகள் உள்ளாடை. இரண்டு மூன்று தளங்களில் ஒரே சமயத்தில் விற்பது, ஒரு தளம் கட்டணம் கூட்டினால் சரக்கை அடுத்ததற்குத் திருப்ப உதவும். ஆனால் ஸ்டாக்கைப் பிரித்து வைப்பதும் மூன்று தளத்தின் செட்டில்மென்ட் கணக்கைச் சரிபார்ப்பதும் தனி ஆள் வேலை. வாட்ஸ்அப்பில் பழைய வாடிக்கையாளருக்கு நேராக அனுப்புவோருக்குக் கமிஷன் இல்லை, புது வாடிக்கையாளர் கிடைப்பதுதான் அரிது.

அரசு முன்னின்று 2021 இறுதியில் உருவாக்கிய ஓஎன்டிசி என்ற திறந்த வலையமைப்பு, வாங்குபவர் செயலியையும் விற்பவர் செயலியையும் பிரித்து, ஒரே தளம் எல்லாக் கட்டணத்தையும் தீர்மானிப்பதைத் தளர்த்த முயல்கிறது. 2022 ஏப்ரலில் அதன் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களில் கோயம்புத்தூரும் ஒன்று. எந்தச் சந்தையிலும் விற்காமல் தேங்கிய சரக்கு, இன்னும் பழையபடி, கிலோக் கணக்கில் விலை பேசிக் காதர்பேட்டைக்கே திரும்புகிறது.