கண்ணம்பாடி அணை: அடித்தளத்தில் எழுதிய திட்டம்

ஊரிலிருந்து உறவினர் வந்தால் மைசூர்வாழ் தமிழராகிய நாம் முதலில் காட்டுவது அரண்மனை. அடுத்து பிருந்தாவனத் தோட்டம். வண்ண விளக்குகளையும் நீரூற்றுகளையும் கண்டு மகிழும் விருந்தினருள், பின்னால் எழுந்து நிற்கும் கருங்கற் சுவரை ஏறிட்டு நோக்குவோர் சிலரே. அச்சுவரின் வரலாற்றையே ஈண்டு உரைக்கப் புகுந்தோம்.

காவிரிக்கு இவ்விடத்தில் அணை கோலும் எண்ணம் பழையது. திப்பு சுல்தான் காலத்துப் பாரசீகக் கல்வெட்டொன்று அணைப் பணியின்போது கிடைத்தது. எனினும் அவ்வெண்ணத்திற்கு உருக்கொடுத்தவர், 1909-இல் மைசூர் சமஸ்தானத்தின் தலைமைப் பொறியாளராகப் பொறுப்பேற்ற மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா அவர்களே.

அவர் முன் நின்ற தேவைகள் இரண்டு. சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902 முதல் ஏறத்தாழ 90 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றுகொண்டிருந்தது. கோடையில் ஆறு மெலிந்தால் மின்சாரமும் மெலியும். (அச்சுரங்கங்களில் இறங்கி உழைத்தோருள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற நம் மக்கள் என்பதை நினைவிற் கொள்க.) மற்றொன்று, மழை பொய்த்தால் வறண்டு கிடந்த மண்டியா நிலப்பரப்பு. பாசனத்தின் பயன் கைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். மின்சாரத்தின் வருவாயோ உடனே வரும். ஆகவே தங்கவயல் தரும் பணத்தை முன்னிறுத்திக் கருவூலத்தை இணங்கச் செய்தார். நான்காம் கிருஷ்ணராஜ உடையார் ஒப்புதல் அளிக்க, 1911 நவம்பரில் பணி தொடங்கிற்று.

இனித்தான் நம் கட்டுரையின் உயிர்நிலை. 1892-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மேலே புதிய அணை கட்டச் சென்னை அரசின் இசைவு வேண்டும். மைசூர் கேட்டது 41.5 டி.எம்.சி. கொள்ளளவு. சென்னை இசைந்ததோ 11 டி.எம்.சி., அதாவது 1,100 கோடி கன அடி மட்டுமே. விசுவேசுவரய்யா என் செய்தார்? இசைவு கிடைத்த சிறு அணையைத் தொடங்கினார். ஆனால் அடித்தளத்தைத் தாம் விரும்பிய பெரிய அணைக்கு வேண்டிய அகலத்திலேயே இட்டார். சுவரைப் பின்னர் உயர்த்தலாம். ஆற்றின் அடியில் புதைந்த அடித்தளத்தைப் பின்னர் அகலமாக்குவது எளிதன்று. கோப்புகளோடு வாழும் நம்போன்ற எழுத்தர்கள் அறிவோம்: 'இரண்டாம் கட்டத்திற்கான செலவை முதற்கட்டத்திலேயே செய்க' என்று ஒரு குறிப்பு மேலே சென்றால், கணக்குப் பிரிவிலிருந்து என்ன வினா கீழே இறங்கி வரும் என்று!

பொறியாளரின் கண்ணால் நோக்கின் இது மிகச் சிறந்த முன்யோசனை. தஞ்சை உழவரின் கண்ணால் நோக்கின் மனத்தை உறுத்துவது. இவ்விரு கண்களும் நமக்கு உண்டு. ஒன்றை மூடிக்கொண்டு மற்றொன்றால் மட்டும் பார்ப்பது நமக்கு இயலாது. சென்னை அரசு வீண்பிடிவாதம் பிடித்தது என்றும் சொல்வதற்கில்லை. கல்லணைக் காலம் முதல் அந்நீரை நம்பி வாழும் நிலம் அதன் பொறுப்பில் இருந்தது. வழக்கு நடுவரிடம் சென்றது. 1914-இல் கிரிஃபின் அளித்த தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாயிற்று; சென்னை மேல்முறையீடு செய்யவே அது நிலைக்கவில்லை. இறுதியில் 1924 பிப்ரவரி 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. அடித்தளம் காத்திருந்த உயரம், ஆற்றுப்படுகைக்கு மேல் 124 அடி, அப்போதுதான் ஏட்டிலும் இடம்பெற்றது.

கட்டிய முறையும் வியப்புக்குரியது. சிமெண்டு இல்லை, சுண்ணாம்பும் செங்கற்பொடியும் கலந்த சுர்க்கிக் காரையே கருங்கற்களைப் பிணைத்தது. 1903-இல் பூனாவுக்கு அருகே கடக்வாசலாவில் தாம் அமைத்த தானியங்கிக் கதவுகளின் முறையை அவர் இங்கும் கையாண்டார். 1912 முதல் 1918 வரை அவரே திவானாக இருந்தது பணிக்குத் துணையாயிற்று. முடிவெய்தியது 1931-ஐ ஒட்டியே. பின்னர்த் தோன்றிய கால்வாய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. 1933-இல் மண்டியாவில் சர்க்கரை ஆலை அமைந்தது.

விலையும் கொடுக்கப்பட்டது. பழைய கண்ணம்பாடியும் அண்டைச் சிற்றூர்களும் நீருள் மறைந்தன. அங்கிருந்த வேணுகோபாலசுவாமி கோயில் பல்லாண்டு நீருள் கிடந்து, கோடையில் மட்டும் தலைகாட்டியது. அண்மைக் காலத்திலேதான் அது கல் கல்லாகப் பெயர்க்கப்பட்டுக் கரையில் மீண்டும் எழுந்தது.

அதே 1924 உடன்படிக்கையின் மறுபக்கத்தில் பிறந்தது நம் மேட்டூர் அணை: 1925-இல் தொடங்கி 1934 ஆகஸ்டில் திறக்கப்பட்டது, கொள்ளளவு 93.5 டி.எம்.சி. அதன்பின் 1974-இல் எழுந்த பிணக்கையும், 1991-இல் இம்மாநிலத் தமிழர் பட்ட துன்பத்தையும், 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் அன்பர்கள் அறிவர். ஜூன் பிறந்தால் நம் காலனியில் செய்தித்தாளை விரிப்போர் முதலில் தேடுவது இரண்டு எண்களையே: இங்கே 124.80 அடிக்கு எவ்வளவு, அங்கே 120 அடிக்கு எவ்வளவு.