பீங்கான் தூசியும் நுரையீரல் நோயும்

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டும்போது களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண் அருகிலேயே கிடைத்ததால் விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்தது. செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பத்துக்கான அரசு கல்வி நிறுவனமும் அங்கே உருவாயின. அகல் விளக்கு, பொம்மை, மின்சார இன்சுலேட்டர் ஆகியவை அவ்வூரின் சரக்குகள்.

பீங்கான் கலவையில் களிமண்ணோடு ஃபெல்ட்ஸ்பாரும் வெங்கச்சங்கல்லும் சேரும். வெங்கச்சங்கல் என்பது படிக வடிவிலுள்ள சிலிக்கா. அதன் நுண்தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்கு வருவது சிலிகோசிஸ். பீங்கான் தொழில் நடக்கும் ஊர் எதுவானாலும் இந்த ஆபத்து உண்டு.

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் பாண்டம் வெளுப்பாக வர, 1720 வாக்கில் சிக்கிமுக்கிக்கல்லைச் சுட்டுப் பொடித்துக் கலக்கத் தொடங்கினர். உலர்ந்த கல்லை இடித்தவர்கள் மூச்சடைத்து மாண்டனர். 1726இல் தாமஸ் பென்சன் அதைத் தண்ணீருக்குள் அரைக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். நோய்க்கு சிலிகோசிஸ் என்ற பெயர் கிடைத்ததோ 1870களில்தான். 1947இல் பிரிட்டிஷ் விதிகள் பீங்கான் வேலைகள் சிலவற்றில் சிக்கிமுக்கிப் பொடியைத் தடைசெய்தன. இந்தியாவில் இந்நோய் முதலில் அறியப்பட்டது கோலார் தங்கச் சுரங்கத்தில். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் இதை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்றாக வைத்தது.

ஐந்து மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் மூக்கையும் தொண்டையையும் தாண்டி நுரையீரலின் காற்றறைகளை எட்டுகின்றன. அவற்றை விழுங்கும் காவல் செல்கள் செத்துப்போக, அந்த இடம் தழும்பாக இறுகிச் சிறு முடிச்சுகள் உண்டாகின்றன. பெரும்பாலும் பத்தாண்டுக்கு மேல் தூசியில் உழைத்த பிறகே நோய் தெரியவரும். முதலில் வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். பிறகு உட்கார்ந்திருக்கும்போதும் இளைக்கும். வேலையை விட்ட பின்னும் தழும்பு பெருகக்கூடும். காசநோய் எளிதில் தொற்றும்; நுரையீரல் புற்றுநோய் அபாயமும் கூடும். இருமல் ஒன்றை மட்டும் பார்த்தால் காசநோய் என்றே தோன்றும். அதனால் மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனையோடு, நோயாளி செய்த வேலைகள் என்னென்ன என்பதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டும்.

தழும்பை ஆற்றும் மருந்து கிடையாது. தூசியிலிருந்து விலகுவது, புகைபிடிப்பதை நிறுத்துவது, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, காசநோய் வந்தால் அதற்கான முழுச் சிகிச்சை, முற்றிய நிலையில் ஆக்சிஜன் ஆகியவையே வழிகள். மிகச் சிலருக்கு நுரையீரல் மாற்று அறுவை செய்யப்படுகிறது.

ஆகவே இந்நோயைத் தடுக்க வேண்டிய இடம் பட்டறைதான். கல்லையும் மண்ணையும் ஈரமாகவே அரைக்கலாம். உலர்ந்த பாண்டத்தின் விளிம்பைத் தேய்க்கும் மேசையில் தூசியை உறிஞ்சும் விசிறி பொருத்தலாம். தரையை உலரப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கலாம். இவற்றுக்கும் அடங்காத தூசிக்கு, முகத்தோடு இறுகப் பொருந்தும் வடிகட்டி முகக்கவசம் வேண்டும்; வாயில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது. ஆண்டுதோறும் மூச்சுத்திறனைச் சோதித்து, உரிய காலத்தில் எக்ஸ்ரேயும் எடுத்தால் நோயைத் தொடக்கத்திலேயே அறிந்து, தொழிலாளியைத் தூசியில்லாத வேலைக்கு மாற்றலாம்.