63.5-ல இருந்து 1,000 வாட்ஸ் வரை

1981-ல வந்த ஐபிஎம் பிசியோட பவர் சப்ளை வெறும் 63.5 வாட்ஸ். 1984-ல ஏடி மாடலுக்கு 192. 2025-ல வந்த ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 575 வாட்ஸ். அதுக்கு 1,000 வாட்ஸ் சப்ளை போடச் சொல்லுது என்விடியா.

இதைப் பார்த்து, சின்ன கார்டு வெச்சிருக்கவங்களும் 'எதுக்கும் இருக்கட்டும்'னு 1,000 வாங்குறாங்க. எனக்கு பாகூர் ஏரிதான் ஞாபகம் வருது. ஏரி எவ்வளவு பெருசா இருந்தாலும், மதகு திறந்த அளவுக்குத்தான் வயலுக்குத் தண்ணி. பவர் சப்ளையும் அப்படித்தான். கம்ப்யூட்டர் கேட்கிறதைத்தான் கொடுக்கும். கேம் வேகமா ஓடாது.

ஆனா ஏரி மாதிரி இது தேக்கி வைக்காது. வில்லியனூர்ல கரண்ட் போனா, 1,000 வாட்ஸும் அணைஞ்சிடும். கார்டு, பிராசஸர் இழுக்கிறதைக் கூட்டி, திடீர்னு எகிறுற லோடுக்குக் கொஞ்சம் இடம் விட்டு வாங்குங்க. மிச்சக் காசுக்கு யூபிஎஸ்!