பி.எஸ்.ஜி. அறநிலையம்: தந்தை பெயரில் ஐந்தாம் பங்கு

கோவை ஆர்.எஸ்.புரத்தில் குடியிருப்போர் பலர், அப்பெயரில் நகராட்சித் தலைவராயிருந்த இரத்தினசபாபதி முதலியார் இருப்பதை மறந்துவிட்டனர். பி.எஸ்.ஜி. என்ற பெயரும் அப்படித்தான். அதன் விரிவு பீளமேடு சாமநாயுடு கோவிந்தசாமி நாயுடு. ஊர், தந்தை, தாம் என மூன்றும் அந்த மூன்றெழுத்தில் அடங்கும்.

இவருடைய மக்கள் நால்வர்: வெங்கடசாமி, ரங்கசாமி, கங்கா, நாராயணசாமி. பாகப்பிரிவினை என்றால் வரப்புக்கும் கிணற்றுக்கும் வழக்காடும் கொங்கு நாட்டில், இவர்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்தனர். நான்கு பங்கு தமக்கு; ஐந்தாவது அறத்துக்கு. 1926இல் பி.எஸ்.ஜி. அண்ட் சன்ஸ் அறநிலையம் பிறந்தது. நால்வர் பெயரும் அதில் தனித்து இல்லை, 'சன்ஸ்' என்பதோடு சரி. தந்தை பெயரே முன்னிற்கிறது. ஒரு பங்காளியைப் போலவே அறத்தையும் சமமாக நிறுத்தியதுதான் இதில் அரிய செய்தி என்பேன்.

பீளமேட்டில் 1947இல் கலைக்கல்லூரியும், 1951இல் தொழில்நுட்பக் கல்லூரியும், 1985இல் மருத்துவக் கல்லூரியும் இப்பங்கின் வழி எழுந்தவை. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர் ஜி.ஆர். தாமோதரன், கோவிந்தசாமி நாயுடுவின் பேரர். 'கலைக்கதிர்' இதழ் வழியே அறிவியலைத் தமிழில் தந்தவரும் இவரே. கோவையில் இன்று "பி.எஸ்.ஜி.க்குப் போகணும்" என்றால் நடத்துநர் மறுகேள்வி கேட்பார்: "ஆஸ்பத்திரியா, காலேஜா?"