சேத்துப்பட்டு சொன்ன பதிலின் மறுபாதி

சென்னைப் புறநகர் ரயிலில் குரோம்பேட்டையைத் தாண்டியதும் ‘தாம்பரம் சானடோரியம்’ என்றொரு நிலையம் வரும். இன்று பலருக்கு அது வெறும் ஊர்ப்பெயர். ஆனால் காசநோய் வைத்தியத்தின் ஒரு முழுக் காலகட்டம் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் அங்கே சானடோரியம் தொடங்கியபோது, காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து உலகில் எங்குமே கிடையாது. ராபர்ட் காக் 1882-இல் கிருமியைக் கண்டுபிடித்து நாற்பத்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தும், நோயாளிக்குக் கொடுக்க இருந்தவை நல்ல காற்று, சத்துள்ள சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை ஓய்வு, இவ்வளவுதான். எலும்புருக்கி என்று வீட்டார் குரலைத் தாழ்த்திச் சொன்ன நோய் அது. இங்கிலாந்தில் இதே வைத்தியத்தைச் செய்துவிட்டு வந்தவர் முத்து. அவருடைய சானடோரியத்தை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது. காற்றும் ஓய்வும் சிலரைத் தேற்றத்தான் செய்தன. ஆனால் கட்டில் கிடைத்தவர்களுக்கே அந்த வாய்ப்பு. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், கட்டில்களோ ஆயிரக்கணக்கில்தான்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் என்கிற மருந்தும் வந்தன; 1952-இல் ஐசோநியாசிட் வந்தது. கிருமியைக் கொல்வது மருந்து என்றால் கட்டிலின் வேலை என்ன என்ற கேள்வி தானாகவே எழுந்தது. அபிப்பிராயங்களுக்குக் குறைவில்லை, சான்றுதான் இல்லை. அந்தச் சான்றைத் தேடி 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் பொறுப்பில் இருந்தார். நகரத்து ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை எந்த மருத்துவரின் விருப்பத்துக்கும் விடாமல் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். இரு பிரிவுக்கும் அதே ஐசோநியாசிட், அதே பாஸ், ஓராண்டுக் காலம். மருந்து ஒன்று, இடம் இரண்டு.

1959-இல் வெளியான முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. ஆண்டு முடிவில் சானடோரியப் பிரிவில் 92 விழுக்காட்டினரின் சளியில் கிருமி இல்லாமல் போயிருந்தது. வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு. ஆறு விழுக்காடு குறைகிறதே, அப்படியானால் சானடோரியமே மேல் அல்லவா என்று கேட்கலாம். இத்தனை பேரைக் கொண்ட ஆய்வில் அந்த அளவு வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது. தவிர, குலுக்கிப் பிரித்தும்கூட வீட்டுப் பிரிவினரின் நோய் தொடக்கத்தில் சற்று முற்றியதாகவே அமைந்துவிட்டது. ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு பிரிவும் ஏறத்தாழ ஒரே நிலையில்தான் நின்றன. நெருக்கடியான குடிசையில் நோயாளியை வைத்திருந்தால் குழந்தைகளுக்குத் தொற்றாதா என்ற அச்சம் இன்னும் நியாயமானது. அதையும் அவர்கள் விடவில்லை. குடும்பத்தாரை ஆண்டுக்கணக்கில் பரிசோதித்தார்கள். வீட்டுப் பிரிவின் குடும்பங்களில் நோய் கூடுதலாக வரவில்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. மருந்து தொடங்கியபின் அது வேகமாகக் குறைகிறது. ஏழை நாட்டுக்கு ஏற்ற இரண்டாந்தர வைத்தியம் என்று இதைக் குறை சொன்னவர்களும் உண்டு. பின்னர் செல்வ நாடுகளும் இதே வழிக்கு வந்து, அங்கேயும் சானடோரியங்கள் மூடப்பட்டன என்பதே அதற்குப் போதுமான பதில்.

என் வாதம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. வீடே போதும் என்று அந்த ஆய்வு சொன்னதாக நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அந்த வீட்டு வைத்தியம் எப்படி நடந்தது என்பதை மறந்துவிட்டோம். பாஸ் மருந்து நாளொன்றுக்குச் சுமார் 10 கிராம் விழுங்க வேண்டும். குமட்டல், வயிற்றுப்போக்கு என்று ஆளைப் படுத்தி எடுக்கும். ஒன்றிரண்டு மாதத்தில் இருமல் நின்று உடம்பு தெம்பானதும், இனி எதற்கு இந்தக் கஷ்டம் என்று யாருக்கும் தோன்றும். அதனால் மையத்தின் பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கொடுத்த மருந்தில் மீதி எத்தனை என்று எண்ணுவார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதிப்பார்கள்: ஃபெரிக் குளோரைடைச் சேர்த்ததும் நிறம் செம்பழுப்பாக மாறினால் பாஸ் உள்ளே போயிருக்கிறது, மாறாவிட்டால் மருந்து பானைக்குப் பின்னாலோ குப்பையிலோ இருக்கிறது என்று பொருள். மருந்து வாங்க வராதவரைத் தேடிப்போய் அழைத்து வந்தார்கள். நோயாளி மருந்தைத் தானே எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958-லேயே தனிக் கட்டுரை எழுதினார். சானடோரியத்தின் நர்சு கட்டிலருகே செய்த வேலையை இங்கே தெருத்தெருவாக நடந்து செய்தார்கள். கட்டில்தான் தேவையற்றுப் போனது, கவனிப்பு போகவில்லை.

1962-இல் தேசியக் காசநோய்த் திட்டம் வந்தபோது அரசுக் காதுகளில் விழுந்தது மலிவான முதல் பாதி மட்டும். மாதம் ஒருமுறை வந்து மருந்து வாங்கிப் போ என்பதே நாடெங்கும் நடைமுறையாயிற்று. தேடிப்போக ஆளில்லை, பல இடங்களில் மருந்தும் தொடர்ந்து இருப்பில் இல்லை. முப்பது ஆண்டுகள் கழித்து 1992-இல் திட்டத்தை மறுபரிசீலனை செய்தவர்கள், சிகிச்சையை முடித்தவர்கள் மிகக் குறைவு என்று கண்டார்கள். பாதியில் விட்ட மருந்து, தாக்குப்பிடிக்கும் கிருமியை வளர்க்கும் என்பது ஸ்ட்ரெப்டோமைசின் வந்த நாளிலிருந்தே தெரிந்த உண்மை. இதில் வேதனை என்னவென்றால், இதற்கான விடையும் சேத்துப்பட்டிலேயே இருந்தது. வாரம் இருமுறை பணியாளர் கண்முன் மருந்து கொடுத்தால் நல்ல பலன் கிடைக்கும் என்று அந்த மையம் 1964-லேயே வெளியிட்டது. 1990-களில் உலக சுகாதார நிறுவனம் ‘டாட்ஸ்’ என்ற பெயரில் உலகத்துக்குச் சொன்னதன் வேர்களில் ஒன்று அது. கண்முன் விழுங்கச் சொல்வது நோயாளியை நம்பாத முறை, கூலியை விட்டு மையத்துக்கு நடையாய் நடக்க வைக்கும் முறை என்று எதிர்ப்பு உண்டு. எதிர்ப்பில் உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டு வைத்திய ஆய்வில், வராதவரின் வீடு தேடி நடந்தவர் பணியாளர். அந்த நடையைக் கைவிட்டது பிற்காலத்து நிர்வாகம்.

சாப்பாட்டு விஷயத்திலும் இதே அரைகுறை வாசிப்புதான். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு ஓய்வெடுத்து எடை கூடினார்கள். வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டும், பலர் வேலைக்குப் போய்க்கொண்டும், கிட்டத்தட்ட அதே அளவில் குணமானார்கள். உடனே, காசநோய்க்குச் சத்துணவு முக்கியமில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த ஆய்வு கேட்டது ஒரே கேள்வி: மருந்து ஒழுங்காகக் கிடைக்கும்போது கிருமி அடங்க உணவு வித்தியாசம் குறுக்கே நிற்கிறதா? நோய் வராமல் தடுக்க உணவு உதவுமா என்று அது கேட்கவே இல்லை. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆய்வு அதைக் கேட்டது. நோயாளியின் வீட்டாருக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் கொடுத்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நோயாளிக்கு மத்திய அரசு தரும் சத்துணவுத் தொகை 2018-இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி 2024-இல் 1,000 ரூபாய் ஆனதற்கு இப்போது வலுவான ஆதாரம் இருக்கிறது.

2022-இல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் பழைய கேள்வியை மறுபக்கத்திலிருந்து எடுத்தது. எல்லாரையும் மருந்தோடு வீட்டுக்கு அனுப்பும் பழக்கத்தில், முதல் இரண்டு மாதத்துக்குள் இறந்துபோகக்கூடியவர்களும் சேர்ந்து போய்விடுகிறார்கள். அவர்களை நோய் கண்டறிந்த அன்றைக்கே அடையாளம் காண எக்ஸ்ரே கூட வேண்டாம். உயரம், எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை ஆரம்ப சுகாதார நிலையத்துப் பணியாளரே சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். ஆபத்தில் இருப்பவருக்குக் கட்டில், மற்றவருக்கு வீடு. இதைச் செய்ய மருந்தோடு ஆளும் வேண்டும்: எடை பார்க்க ஒருவர், வராதவரைத் தேடிப்போக ஒருவர். சேத்துப்பட்டில் 86 விழுக்காட்டைச் சாத்தியமாக்கியவர்களும் இப்படி நடந்து போனவர்கள்தாம். காசநோய்ப் பிரிவில் ஒரு களப்பணியாளர் இடம் நிரப்பப்படாமல் கிடந்தால், அரசு அதை மருந்துத் தட்டுப்பாடு என்றே கணக்கில் எழுத வேண்டும்.