கரிக்கு வேண்டிய ஈரம்

இலக்கியக் கூட்டத்தில் பென்சில் கரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பென்சில் இல்லாமல் இலக்கியம் ஏது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் நான் எடுத்துக்கொண்டது எழுத்தை அல்ல, வழுக்கலை. கிராஃபைட் ஏன் வழுக்குகிறது என்ற எளிய கேள்விக்குச் சரியான பதில் கிடைக்க ஓர் உலகப் போர் தேவைப்பட்டது.

முதலில் ஒரு பழைய குழப்பம். கிராஃபைட்டும் மாலிப்டினைட் என்ற தாதுவும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டும் விரலில் ஒட்டும், இரண்டும் காகிதத்தில் கோடு இழுக்கும். ஐரோப்பியர் நெடுங்காலம் இரண்டையும் ஈயத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டார்கள். மாலிப்டினம் என்ற பெயரே ஈயத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பென்சில் கரியை ஆங்கிலத்தில் இன்றும் 'லெட்' என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு பொருட்கள் என்று 1778-ல் ஸ்வீடனில் காட்டியவர் கார்ல் ஷீலே. கிராஃபைட் வெறும் கரி. மற்றது மாலிப்டினமும் கந்தகமும் சேர்ந்தது.

பொருள் வேறானாலும் கட்டுமானம் ஒன்றுதான். 1924-ல் லண்டனில் ஜே. டி. பெர்னல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு கிராஃபைட்டின் அமைப்பைத் தெளிவாக்கினார். தாள்மேல் தாளாக அணுக்களின் அடுக்குகள். ஒரு தாளுக்குள் பிணைப்பு பலமானது, இரு தாள்களுக்கு இடையே பலவீனமானது. எனவே சீட்டுக்கட்டுபோல ஒன்றின்மேல் ஒன்று நழுவுகிறது. பள்ளியில் நாம் எல்லோரும் படித்த விளக்கம் இதுதான்.

அது போதாது என்று தெரிந்தது வானத்தில். மிக்சி நின்றுபோனால் 'கார்பன் தேய்ஞ்சுபோச்சு' என்பாரே மெக்கானிக், அதே கார்பன் பிரஷ் விமான ஜெனரேட்டரிலும் உண்டு. சுழலும் செம்பின்மேல் உரசிக்கொண்டே மின்சாரத்தைக் கடத்துவது அதன் வேலை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்கள் 20,000 அடிக்கு மேல் பறக்கத் தொடங்கியபோது, தரையில் நெடுநாள் தாங்கிய பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாகக் கொட்டின. குண்டுகளுக்கு நடுவே பறக்கும் விமானத்தில் மின்சாரம் போவது என்றால் என்ன என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

குளிர் காரணமா, காற்று மெலிந்தது காரணமா என்று தேடினார்கள். உலோக உப்புகளை பிரஷ்ஷில் ஊட்டிப் போர்க்காலத்தைச் சமாளித்தார்கள். ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் சாவேஜ் செய்த சோதனைகள் 1948-ல் வெளிவந்தபோது விடை தெளிவாயிற்று. வெற்றிடத்தில் கிராஃபைட் வழுக்குவதில்லை, அரைபட்டுப் பொடியாகிறது. கொஞ்சம் நீராவியை உள்ளே விட்டால் தேய்மானம் அடங்கிவிடுகிறது. உயரத்தில் இல்லாமல் போனது ஈரம்தான். கிராஃபைட் உடையும் இடங்களில், தாள்களின் விளிம்பில் உள்ள அணுக்கள் பிடிமானம் தேடி நிற்கின்றன. நீர் மூலக்கூறுகள் அங்கே போய் ஒட்டிக்கொண்டால் அவை அமைதியாகிவிடும். நீர் இல்லாவிட்டால் எதிரே உள்ள பரப்பையே பற்றி இழுக்கும்.

மாலிப்டினம் டைசல்ஃபைடு நேர்மாறு. வறண்ட வெற்றிடத்தில் அது மிக நன்றாக வழுக்கும். ஈரக்காற்றில் உராய்வு பல மடங்கு கூடும், படலமும் சீக்கிரம் தேயும். ஷீலேவுக்கு முன் கண்ணால் பிரிக்க முடியாமல் கிடந்த இரண்டையும் கொஞ்சம் ஈரம் இப்படிப் பிரித்துக் காட்டிவிடுகிறது. இதனால்தான் விண்வெளிக்கு எண்ணெய்க்குப் பதிலாக இதைப் பூசி அனுப்புகிறார்கள்.

ஆனால் விண்வெளிக்குப் போகும் எதுவும் முதலில் பூமியில் காத்திருக்க வேண்டும். கலிலியோ விண்கலம் 1986 மே மாதம் கிளம்பியிருக்க வேண்டியது. ஜனவரியில் சேலஞ்சர் வெடித்துச் சிதறியதால் பயணம் 1989 அக்டோபருக்குத் தள்ளிப்போனது. இடையில் அந்தக் கலம் கலிஃபோர்னியாவுக்கும் ஃபுளோரிடாவுக்கும் இடையே லாரியில் அலைந்தது. 1991 ஏப்ரலில் 4.8 மீட்டர் அகல ஆன்டெனாவைக் குடைபோல விரிக்க முயன்றபோது சில கம்பிகள் சிக்கிக்கொண்டன. லாரி அதிர்வில் உராய்ந்து, முளைகளின்மேல் பூசியிருந்த மாலிப்டினம் டைசல்ஃபைடு படலம் தேய்ந்துபோனதே காரணம் என்று விசாரணை கருதியது. வெற்றிடத்துக்கு என்று செய்த படலம், தன் கடினமான உழைப்பைப் பூமியின் காற்றிலேயே முடித்துக்கொண்டது.

நொடிக்கு 1,34,000 பிட் அனுப்ப வேண்டிய கலம், சிறிய ஆன்டெனாவைக் கொண்டு அதிகபட்சம் 160 பிட் அனுப்பியது. தரவைச் சுருக்கும் புதிய மென்பொருளை வழியிலேயே அனுப்பி, பொறியாளர்கள் பயணத்தைக் காப்பாற்றினார்கள். யூரோப்பாவின் பனிக்கடியில் கடல் இருக்கலாம் என்பதற்கான வலுவான சான்றுகள் அந்தச் சிறு ஆன்டெனா வழியாகவே நமக்கு வந்தன.

இரண்டு கதைகளிலும் பொருளை யாரும் தவறாகத் தேர்ந்தெடுக்கவில்லை. வழுக்கல் பொருளுக்குள் மட்டுமே இருக்கிறது என்று நம்பினார்கள். அதைச் சுற்றியிருந்த காற்றும் அதில் பங்காளி என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை. எப்போதும் உடனிருந்ததால் காற்றின் ஈரம் யார் கண்ணிலும் படவில்லை.

சீட்டுக்கட்டு விளக்கம் பாடப்புத்தகங்களில் இன்னும் இருக்கிறது. உங்கள் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு வந்தால், 'கொஞ்சம் ஈரமும் வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள்.